தானே பிடிக்கும் பிரேக்கும் ஓட்டுநரின் காலும்



சபாக்கிலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறோம். அவர் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கிள்ளானில் வேலை பார்க்கும் இளம் பெண். மாதத் தவணையில் ஒரு கார் வாங்கியிருக்கிறார். "முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் கார் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னார். என் அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் போகிறவர். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டு நான் கிள்ளானுக்குத் திரும்புவதும் அதே நேரத்தில், அதே சாலையில்தான். இருட்டில் இந்தக் கார் அவரைப் பார்க்குமா?" இதுதான் அவர் கேட்டது.

ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடையை அவர் நம்பி நடக்க வேண்டுமானால், அதன் பின்னால் உள்ள கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. தானே பிடிக்கும் பிரேக் என்பது நேற்று வந்த பொருளன்று. மனிதன் அதனோடு பழகி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பழக்கத்தில் இயந்திரம் செய்ததைவிட மனிதன் செய்ததுதான் நமக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

சாலையை முதலில் நினைவுக்குக் கொண்டு வருவோம். கிள்ளானில் தொடங்கிக் காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று கடலோரமாக வடக்கே ஏறி, சபாக்கைத் தொட்டு, பெர்ணம் ஆற்றைக் கடந்து தெலுக் இந்தானை நோக்கிச் செல்கிறது ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் மட்டுமே அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் தென்னையும் செம்பனையும். தோட்டத்துச் செம்மண் பாதைகள் எந்த முன்னறிவிப்புமின்றி இச்சாலையில் வந்து சேருகின்றன. குலை ஏற்றிய லாரி, அறுவடை இயந்திரம், பள்ளிக்குப் போகும் பிள்ளை, வேலைக்குப் போகும் தகப்பன் எல்லாருக்கும் இது ஒன்றே வழி.

பழைய தோட்டத்து லாரிகளை நினைவில் வைத்திருப்போர் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். மேட்டில் வண்டி நின்றால், பின்னால் இருக்கும் உதவியாள் ஒரு மரக்கட்டையோடு குதித்து ஓடிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். பிரேக்கின் மேல் யாருக்கும் முழு நம்பிக்கை இல்லாத காலம் அது. நம்பிக்கை கட்டையின் மேல்தான். இந்தக் கட்டைக்கும் நம் கதைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12. அயர்லாந்து நாட்டில் ஆர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாச ரயில் கடற்கரைக்குப் புறப்பட்டது. ஏற்றத்தில் இழுக்க முடியாமல் இஞ்சின் நின்றுவிட்டது. முன்பாதியை மட்டும் முதலில் மேலே கொண்டு சேர்க்கலாம் என்று முடிவு செய்து, பெட்டிகளை நடுவே பிரித்தார்கள். அந்த ரயிலில் இருந்த பிரேக் எப்படிப்பட்டது தெரியுமா? இஞ்சினிலிருந்து குழாய் வழியாக வேலை செய்யும் வரையில்தான் அது பிடிக்கும். குழாயைப் பிரித்தால் பின்பெட்டிகளில் பிரேக் கிடையாது. கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே துணை. முன்பாதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிறைந்த பத்துப் பெட்டிகள் சரிவில் உருண்டு, கீழே வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலின் மீது மோதின. 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

இதில் நெஞ்சை உறுத்துவது என்னவென்றால், இதற்கு மருந்து அப்போதே கையில் இருந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களின் தொடக்கத்திலேயே பிரேக்கின் தத்துவத்தைத் தலைகீழாகத் திருப்பியிருந்தார். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்பதற்குப் பதிலாக, குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரையில் பிரேக் விலகியிருக்கும், அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தானே பிடித்துக்கொள்ளும் என்று அமைத்தார். ஸ்பிரிங் வைத்த கதவைப் போல. பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும், கையை விட்டால் மூடிக்கொள்ளும். பெட்டி அறுந்தாலும் குழாய் வெடித்தாலும் ரயில் ஓடாது, நிற்கும். வெற்றிடத்தைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் பிரேக்கும் இருந்தது.

பிறகு ஏன் எல்லா ரயிலிலும் அதைப் பொருத்தவில்லை? செலவு ஒரு காரணம். மற்றொன்று, காரணமில்லாமல் தானே பிடித்து வண்டியை நடுவழியில் நிறுத்திவிடுகிறது என்ற குறை. நேயர்களே, இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கார்க்காரர்கள் சொல்லும் குறையும் இதுவேதான். ஆர்மா விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பயணி ரயில் அனைத்திலும் தானாகப் பிடிக்கும் தொடர் பிரேக் கட்டாயமாயிற்று.

நம் நாட்டில் 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டில் கோலாலம்பூரும் கிள்ளானும் இணைந்தன. மலாயா ரயிலில் வெற்றிடப் பிரேக் வழக்கத்துக்கு வந்தது. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர். ஆகவே தானே பிடிக்கும் பிரேக்கைக் கழற்றிப் பூட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. இந்தச் செய்தி நம் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை என்பது நம் எண்ணம். பால்வெட்டும் மரம் வெட்டும் பற்றி எழுதிய அளவுக்குப் பட்டறை பற்றி நாம் எழுதவில்லை.

அறுந்தால் பிடிக்கும் பிரேக் வந்துவிட்டது. ஓட்டுநர் கவனிக்கத் தவறினால் பிடிக்கும் பிரேக் அதற்கடுத்த படி. இங்கேதான் மனித மனம் குறுக்கே வருகிறது.

1952 அக்டோபர் 8-ஆம் நாள் லண்டனுக்கு அருகே ஹாரோ நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தனர். எச்சரிக்கைக் கைகாட்டியை ஒரு ரயில் கடந்து வந்ததே தொடக்கம். அதன்பின் பிரிட்டிஷ் ரயில்களில் ஓர் எச்சரிக்கைச் சாதனம் பரவலாகப் பொருத்தப்பட்டது. கைகாட்டி தடை காட்டினால் ஓட்டுநர் அறையில் ஊதுகுழல் ஒலிக்கும். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தி "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானே பிடிக்கும்.

அருமையான ஏற்பாடு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் நெரிசலான தடத்தில் அந்தக் குழல் நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒலித்தவுடன் கை பொத்தானுக்குப் போகும். நாளடைவில் மனம் அறியாமலேயே கை போகும். காலையில் அலாரம் அடித்ததும் தூக்கத்திலேயே அதை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பவர்களை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம் அல்லவா? எச்சரிக்கையை அணைத்த ஓட்டுநர் தடைக் கைகாட்டியையும் தாண்டிச் சென்ற விபத்துகள் நிகழ்ந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1997 செப்டம்பர் 19-இல் லண்டனுக்கு மேற்கே சவுத்ஹாலில் ஓர் அதிவேக ரயில் சரக்கு ரயிலின் மீது மோதியது. எழுவர் இறந்தனர். அந்த ரயிலில் எச்சரிக்கைச் சாதனம் அன்று வேலை செய்யவில்லை. ஓட்டுநர் இரண்டு மஞ்சள் கைகாட்டிகளைக் கவனிக்காமல் கடந்து, சிவப்பைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. குழல் ஒலிப்பதைக் கேட்டே பழகிய காது, ஒலி இல்லாவிட்டால் பாதை சீராக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. சாதனம் இருந்தபோது அதை அணைக்கப் பழகினான் மனிதன். அது இல்லாதபோதும் இருப்பதாக நம்பினான்.

ரயிலை விட்டு இனிக் காருக்கு வருவோம்.

1978-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் காரில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் என்ற மின்னணுச் சாதனம் வந்தது. ஈரத் தாரில் பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கிச் சுழலாது, திருப்பவும் முடியும். விபத்துகள் சரிபாதியாகக் குறையும் என்று கருதியவர்கள் உண்டு. 1980-களில் மியூனிக் நகரத்தில் ஒரு டாக்சிக் கூட்டத்தை ஆய்வாளர் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். சில டாக்சிகளில் இச்சாதனம் இருந்தது, சிலவற்றில் இல்லை. முடிவில் இரு வகை வண்டிகளின் விபத்துகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஓட்டுநர் அறியாமல் பயணிகளாக ஏறிய பார்வையாளர்கள் காரணத்தைக் கண்டனர். நல்ல பிரேக் உள்ளவர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை நெருங்கி ஓட்டினார்கள், கடைசி நேரத்தில் பிரேக் பிடித்தார்கள். சாதனம் தந்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். சேதத்தின் செலவில் ஒரு பங்கை ஓட்டுநரே ஏற்க வேண்டும் என்று பின்னர் விதித்தபோது விபத்துகள் குறைந்தன என்பது இந்த ஆய்வின் சுவையான பின்குறிப்பு.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே மெர்சிடிஸ் நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். 1990-களில் மாதிரிச் சாலை காட்டும் கூடத்தில் சாதாரண ஓட்டுநர்களை அமர்த்திச் சோதித்தபோது, ஆபத்தைக் கண்ட பெரும்பாலோர் கால் விரைவாகப் பிரேக்குக்குப் போனது உண்மை. ஆனால் போதிய பலத்தோடு அழுத்தவில்லை. முதலில் தயங்கி, பிறகு அழுத்தினார்கள். அந்தத் தயக்கத்தில் பல மீட்டர்கள் போய்விடுகின்றன. கால் வந்த வேகத்தை வைத்து அவசரத்தை உணர்ந்து, மீதிப் பலத்தைத் தானே சேர்க்கும் துணைப் பிரேக் 1996-இல் வந்தது. துணிச்சல்காரனுக்கு அதிகப் பிரேக் கொடுத்தால் அவன் இன்னும் துணிகிறான். சாதாரண மனிதனோ இருக்கும் பிரேக்கையே முழுதும் பயன்படுத்துவதில்லை. இரண்டும் உண்மைதான்.

கால் வராவிட்டாலும் பிடிக்கும் பிரேக் அதற்கடுத்து வந்தது. 2003-இல் ஜப்பானில் ஹோண்டா கார் ஒன்றில் ரேடார் கொண்டு இது செய்யப்பட்டது. 2008-இல் சுவீடனின் வால்வோ நிறுவனம், நகர நெரிசலில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகத்தில் முன்வண்டியை இடிக்காமல் நிறுத்தும் ஏற்பாட்டை விலை கூட்டாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுத்தது. ஆனால் இவை நம்மவர் கைக்கு எட்டாத கார்கள்.

எட்டியது 2017 நவம்பரில். பெரோடுவாவின் மூன்றாம் தலைமுறை மைவி வெளிவந்தபோது, அதன் உயர்ந்த ரகத்தில் முன்கண்ணாடிக்குப் பின்னே இரட்டைக் கேமரா வைத்து, மோதல் எச்சரிக்கையும் தானியங்கிப் பிரேக்கும் சேர்க்கப்பட்டிருந்தன. பெரோடுவாவின் தொழிற்சாலை ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் இருக்கிறது. பணக்காரரின் காரில் மட்டும் இருந்த ஒரு பாதுகாப்பு, தோட்டத்துப் பிள்ளை தவணையில் வாங்கும் காருக்கு வந்து சேர்ந்தது சிறிய நிகழ்ச்சியன்று. ஆயினும் அந்த முதல் வடிவம் மெதுவான வேகங்களுக்கே ஏற்றது என்பதையும், பின்வந்த வடிவங்களே வேகமான சாலைக்கும் நடந்து செல்வோருக்கும் விரிந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய காரை வாங்குவோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதனால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் போலீஸ் பதிவுகளை ஆராய்ந்தது. எச்சரிக்கை மட்டும் தரும் சாதனம், முன்வண்டியின் பின்புறத்தில் இடிக்கும் விபத்துகளை 27 விழுக்காடு குறைத்தது. எச்சரிக்கையோடு தானே பிரேக்கும் பிடிக்கும் சாதனம் 50 விழுக்காடு குறைத்தது. மியூனிக் டாக்சிகளில் ஆவியாகிப் போன பயன் இங்கே ஏன் தங்கியது? நம் கருத்து இது. ஏபிஎஸ் பிரேக்கை ஓட்டுநர் தம் காலால் விரும்பியபோது சோதித்துப் பார்க்கலாம், அதன் பலத்தை நம்பி விளையாடலாம். அவசரப் பிரேக்கோ பெரும்பாலோர்க்கு மாதக்கணக்கில் வெளிப்படுவதே இல்லை. தெரியாத செல்வத்தை யாரும் செலவழிக்க முடியாது.

ஆனால் வெளிப்படும் அந்த ஒரு நொடியில் ஓட்டுநர் என்ன செய்கிறார்? சிலர் திடுக்கிட்டு, கார் கெட்டுவிட்டது என்று எண்ணி எண்ணெய் மிதியை அழுத்திவிடுகிறார்கள். பல கார்களில் எண்ணெயைப் பலமாக அழுத்தினாலோ ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பினாலோ, "ஓட்டுநருக்கு வேறு எண்ணம் இருக்கிறது" என்று கொண்டு இயந்திரம் விலகிக்கொள்ளும். வெற்று நிழலுக்கும் இரும்புப் பாலத்துக்கும் பிரேக் பிடித்ததைக் கண்டு எரிச்சலடைந்து அணைத்துவிடுவோர் உண்டு. ஆயினும் இவர்கள் சிறுபான்மையினரே. அமெரிக்காவில் பழுது பார்க்க வந்த கார்களைச் சோதித்தபோது, கோடு விலகினால் ஓயாமல் எச்சரிக்கும் சாதனத்தைப் பலர் அணைத்து வைத்திருந்தனர். முன்மோதலைத் தடுக்கும் சாதனத்தை மிகப் பெரும்பாலோர் அணைக்கவில்லை. அடிக்கடி தொல்லை கொடுப்பதை மனிதன் வாயடைக்கிறான். எப்போதாவது பேசுவதை விட்டுவைக்கிறான்.

அடிக்கடி எச்சரிக்கை ஒலிக்கிறது என்று குறைப்படும் நண்பர் ஒருவரின் காரில் நாம் கோலசிலாங்கூர் வரை சென்றோம். சாதனத்தில் குறை எதையும் நாம் காணவில்லை. முன்சென்ற லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கும் தூரத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது சபாக் நேயரின் கேள்விக்கு வருகிறோம். மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் 7,152 பேர் உயிரிழந்தார்கள். நம் நாட்டில் சாலையில் இறப்போரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அமெரிக்கரின் ஆய்வு பெரும்பாலும் கார் காரை இடிப்பதைப் பற்றியது. நம் துயரம் அதுவன்று. அகலமான காரின் முதுகை அடையாளம் காண்பது கேமராவுக்கு எளிது. ஒற்றைச் சிவப்பு விளக்குடன் சாலையோரத்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய உருவத்தை அறிவது கடினம். இருட்டிலோ மேலும் கடினம். நடந்து செல்வோரைக் கண்டு நிற்கும் பிரேக் பற்றி அதே அமெரிக்கக் கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துகள் மொத்தத்தில் 27 விழுக்காடு குறைந்தன. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வேறுபாடும் காணப்படவில்லை.

கணக்கையும் பார்ப்போம். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டு கால் பிரேக்குக்கு வர ஒன்றரை வினாடி என்றால் 37 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தாரில் நிற்க மேலும் 40 மீட்டர் வேண்டும். தாழ்த்திய முன்விளக்கு, விளக்கில்லாத பொருளைத் தெளிவாகக் காட்டும் தூரமோ 40, 50 மீட்டர்தான். இயந்திரம் அந்த ஒன்றரை வினாடியை மிச்சப்படுத்தலாம். மீதி 40 மீட்டரை எந்த இயந்திரமும் தள்ளுபடி செய்யாது. முன்கார் தானே பிரேக் பிடித்துச் சட்டென்று நிற்கும்போது, அதை ஒட்டிப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்குத் தானே பிடிக்கும் பிரேக் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. காஜாங்கில் உள்ள மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கழகத்தின் முயற்சியோடு 2011-இல் தோன்றிய ஆசியான் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம், 2021 முதல் 2025 வரைக்கான தன் விதிகளில் மோட்டார் சைக்கிளோட்டியின் பாதுகாப்புக்கென்றே நூற்றுக்கு 20 மதிப்பெண்களை ஒதுக்கியது. காரில் இருப்பவனை மட்டும் காப்பது போதாது என்று நம் வட்டாரத்தார் எடுத்த முடிவு அது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாம் எழுதிய விடை இவ்வளவே. பகலில், தெளிவான வானிலையில், மிதமான வேகத்தில் உங்கள் கார் உங்கள் அப்பாவைப் பார்க்கக்கூடும். விடியுமுன், சபாக் சாலையில், பார்க்கும் என்று நம்பாதீர்கள். கார்ப் புத்தகத்தில் உங்கள் பிரேக் எந்த வேகம் வரை வேலை செய்யும், மோட்டார் சைக்கிளை அறியுமா என்று எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். கண்ணாடியின் நடுமேட்டில் கேமரா இருக்கிறது. அதன் முன்னே பூச்சரமோ சாமிப் படமோ ஒட்டாதீர்கள். சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். அந்த இடத்துக் கண்ணாடியைத் துடைத்து வையுங்கள்.

அவர் மறுமொழி எழுதினார். கார்ப் புத்தகத்தை அன்று திறக்கவில்லையாம். வாசலுக்குப் போய் அப்பாவின் மோட்டார் சைக்கிளைத் திருகிப் பார்த்தாராம். பின்விளக்கு எரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அப்பாவுக்கும் தெரியவில்லை. அன்று மாலையே சுங்கை பெசாருக்குப் போய் ஒரு பல்பும், சட்டையின் மேல் போட்டுக்கொள்ள ஒளி தெறிக்கும் பட்டையும் வாங்கி வந்தார்களாம்.